வேர்க்கிளம்பிச் சாலைப் பட்டறையும் என் அப்பாவின் புல்லட்டும்

அப்பாவின் புல்லட் போடும் சத்தங்கள் எனக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். காலையில் வால்வைத் தள்ளும் டேப்பட் கிலுகிலுக்கும். எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயினை மூடிய செயின் கேஸ் முனகும். குழியில் இறங்கினால் பின் மட்கார்டு ஒரு தட்டுத் தட்டும். எஞ்சின் வேலை முழுதாக முடிந்து வந்து 700 கிலோமீட்டர் ஓடிய பிறகு கேட்ட சத்தம் இந்தக் கூட்டத்தில் சேராதது. ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஐடிலில் நிற்கும்போது வண்டியின் அடிவயிற்றிலிருந்து ‘டொக்... டொக்’ என்று வந்தது. மூடிய மரப்பெட்டிக்குள் கனமான எதுவோ கிடந்து முட்டுவதுபோல இருந்தது. இடது கால் வைக்கும் கம்பியில் பாதத்தை ஊன்றினால் அந்த முட்டல் உள்ளங்காலில் தெரிந்தது.

மூன்று பட்டறைகளுக்குக் கொண்டுபோனேன். முதலாமவர் பத்து விநாடி கேட்டுவிட்டு, பிக் எண்ட் (பிஸ்டனின் ராடு கிராங்கோடு சேரும் இடத்துப் பேரிங்) போய்விட்டது, பிஸ்டனின் ஓட்டத்தைச் சுற்றலாக மாற்றும் கிராங்கை வெளியே எடுக்க வேண்டும் என்றார். இரண்டாமவர் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், பெரிதாகிவிட்டதால் பிஸ்டன் அடிக்கிறது என்றார். மூன்றாமவர் டைமிங் என்று சொல்லிக்கொண்டே ஸ்பேனரை எடுத்துவிட்டார். நான் தடுத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். பிக் எண்டுக்குச் சொன்ன மதிப்பீடு 16,000 ரூபாய். எஞ்சின் வேலைக்கே அப்போதுதான் 41,000 ரூபாய் கொடுத்து முடித்திருந்தேன். அந்த வேலையைச் செய்த பட்டறை வேறு மாவட்டத்தில் இருக்கிறது. போன் செய்து கேட்டதற்கு, ‘ஓட ஓடச் சரியாகிவிடும்’ என்று பதில் வந்தது.

நான்காவதாகப் போனது, அழகியமண்டபத்திலிருந்து வேர்க்கிளம்பி போகும் சாலையில், ஒரு பலா மரத்தடியில் ஓடு வேய்ந்த இந்தப் பட்டறைக்கு. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் பழைய புல்லட் கிராங்க் கேஸ் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள், அதுதான் அடையாளம். பழைய புல்லட்டும் யெஸ்டி பைக்கும் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம் இவரை அண்ணாச்சி என்றே சொல்கிறார்கள். அறுபதைத் தாண்டியவர். துணைக்கு பாலிடெக்னிக் முடித்த ஒரு பையன் இருக்கிறான்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1979 மாடல், 350. சென்னை திருவொற்றியூர் ஆலையில் செய்தது. இங்கிலாந்தில் ராயல் என்பீல்டு கம்பெனி 1970-இலேயே தயாரிப்பை நிறுத்திவிட்டது. 1955-இல் இங்கே தொடங்கிய என்பீல்டு இந்தியா அதே எஞ்சினைத் தொடர்ந்து வார்த்துக்கொண்டிருந்தது. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. வார்ப்பிரும்பு சிலிண்டர். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். கிக் செய்வதற்கு முன் ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்து, சிலிண்டரின் அமுக்கத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷரைப் பிடித்து பிஸ்டனை மேலே கடத்திவிட்டுத்தான் மிதிக்க வேண்டும். இதை எனக்குப் பதினாறு வயதில் அப்பா சொல்லிக் கொடுத்தார். குலசேகரத்தில் எங்களுக்கு இருந்த சிறு ரப்பர்த் தோட்டத்திலிருந்து காய்ந்த ஷீட்டுகளைப் பின்னால் கட்டிக்கொண்டு போவார். அவர் 2009-இல் இறந்த பிறகு வண்டி மாட்டுத் தொழுவத்தில் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. இந்த ஊர் மழைக்கு எந்த இரும்பும் தாங்காது. வருடத்தில் இரண்டு பருவமழையும் எங்களுக்கு உண்டு. மீண்டும் எடுத்தபோது சிலிண்டரைத் துளைத்து அடுத்த அளவு பிஸ்டன், புதிய கனெக்டிங் ராடு, பேரிங்குகள் எல்லாம் போட வேண்டியிருந்தது. ஓட்டத் தொடங்கிய முதல் 500 கிலோமீட்டர் 40-ஐத் தாண்டவில்லை. அப்படிக் காப்பாற்றிய எஞ்சின் முட்டத் தொடங்கினால் இரவில் தூக்கம் வராது.

அண்ணாச்சி வண்டியைத் தொடவில்லை. ஒரு மர ஸ்டூலை இழுத்துப்போட்டு என்னை உட்காரச் சொன்னார். கேள்வி கேட்கத் தொடங்கினார்.

“குளிர்ந்திருக்கும்போது கூடுதலா, சூடான பிறகு கூடுதலா?”

“இரண்டிலும் ஒரே மாதிரி, அண்ணாச்சி.”

“ஏற்றத்தில் கூடுகிறதா, குறைகிறதா?”

எனக்குத் தெரியவில்லை. கவனிக்கவில்லை.

“கிளட்சைப் பிடித்தால் மாறுகிறதா? ஆக்சிலேட்டரை விட்டதும் எப்படி? எஞ்சின் வேலை செய்தவர்கள் எந்தெந்த சாமான் மாற்றினார்கள், எதை மாற்றவில்லை? பில் இருக்கிறதா?”

பில்லைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். பிஸ்டன், ராடு கிட், பேரிங், கேஸ்கெட் செட். இரண்டு தடவை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அப்போது எதுவும் சொல்லவில்லை.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு மருத்துவமனையில் இருபது ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். நோயாளியின் வாயிலிருந்து விவரம் வாங்காமல் நேராக ஸ்கேனுக்கு எழுதுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், கட்டிலின் ஓரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இவர் இரண்டாவது வகை என்பது அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போதே புரிந்துவிட்டது. முந்தைய மூன்று பட்டறைகளிலும் என்னை ஒருவர்கூட ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பிறகு அவரே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். இருபது நிமிடம் கழித்து வந்து பையனிடம் சொன்னார்: “ஏற்றத்தில் மூன்றாவது கியரில் இழுத்தேன். சத்தமே இல்லை. பிக் எண்ட் என்றால் அங்கேதான் அலறியிருக்க வேண்டும்.” என்னிடம் திரும்பி, எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இளையவர்களை அழைப்பதுபோல, “மக்களே, வண்டியை விட்டுவிட்டுப் போ. நாளைக் காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்க்கிறேன். யார் சொன்னாலும் கிராங்கைத் திறக்க விடாதே” என்றார்.

அன்று எனக்கு இரவுப் பணி. மறுநாள் காலையில் வேலை முடிந்து நேராக அங்கே போனேன். அவர் முதலில் கைவைத்தது டேப்பட்டில். வலது பக்கத்து மூடியைத் திறந்து, பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்தி, வால்வுகளை இயக்கும் தண்டுகளான இரண்டு புஷ்ராடுகளையும் விரலால் உருட்டிப் பார்த்தார். இந்த எஞ்சினில் குளிர்ந்த நிலையில் புஷ்ராடு விரலுக்குத் தடையில்லாமல் உருள வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. ஒன்று ஆடியது. சரிசெய்தார். ஸ்டார்ட் செய்தோம். கிலுகிலுப்பு அடங்கியது, ‘டொக்’ அப்படியே இருந்தது.

“நேற்று இது டேப்பட் பக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். தப்பு” என்றார். பையன் முன்னால், வாடிக்கையாளர் முன்னால், சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அந்த மனிதர்மேல் நம்பிக்கை முழுதாக வந்தது அந்த இடத்தில்தான்.

மேலே இருந்த சில்லறைச் சத்தம் போனதால் அடியில் இருந்தது தெளிவாகக் கேட்டது. ஐடிலை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தார். ஒரு கையைச் சைலன்சர் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கைவிரலால் டேங்கின் மேல் தாளம் போட ஆரம்பித்தார். பையனையும் அப்படியே செய்யச் சொன்னார். நானும் செய்து பார்த்தேன். விஷயம் இதுதான்: நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் ஒரு தடவை வெடிக்கும், ஒரு தடவை சைலன்சர் ஊதும். கேம், டேப்பட், வால்வு எல்லாம் அந்த இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மட்டும் வேலை செய்கிறவை. ஆகவே ஊதலுக்கு ஒரு தட்டு என்றால் மேல் பக்கத்தைத் தேட வேண்டும். ஊதலுக்கு இரண்டு தட்டு என்றால் கிராங்கோடு சேர்ந்து சுற்றுகிற ஏதோ ஒன்று. கையில் காற்று ஒருமுறை அடிக்கும்போது என் விரல் டேங்கில் இரண்டு முறை விழுந்தது. ஒன்று பலமாக, ஒன்று மெதுவாக.

“இரண்டு” என்றேன்.

“இரண்டுதான்” என்றார்.

நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து அதன் மரப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, முனையை எஞ்சினில் ஒவ்வோர் இடமாக ஊன்றினார். சிலிண்டர் அடி, கிராங்க் கேஸின் வலது பக்கம், டைமிங் மூடி, பிறகு இடது பக்கத்துச் செயின் கேஸ். கைப்பையில் ஸ்டெதஸ்கோப் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். காதில் மாட்டிக்கொண்டு ஒவ்வோர் இடத்திலும் வைத்துப் பார்த்தார். பிறகு, இது வட்டமாகத் தொடுவதால் சுற்றுப்புறச் சத்தத்தையெல்லாம் சேர்த்து வாங்குகிறது, கம்பி முனை ஒரு புள்ளியை மட்டும் தொடும் என்று விளக்கினார். என் காதில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் செயின் கேஸின் முன்பகுதியில், கிராங்கின் நுனி இருக்கும் இடத்துக்கு நேராக ஊன்றினார். மண்டைக்குள் சுத்தியால் தட்டியதுபோல இருந்தது. நான்கு விரல்கடை பின்னால் தள்ளி வைத்ததும் பாதியாகக் குறைந்துவிட்டது.

அதற்குப் பிறகும் அவர் மூடியைக் கழற்றவில்லை. பிக் எண்ட் இல்லை என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும் என்றார். மேலே வால்வைத் திறக்கும் ராக்கருக்கு எண்ணெய் போகும் குழாயின் போல்ட்டைத் தளர்த்தி, ஐடிலில் எண்ணெய் கசிந்து வருகிறதா என்று பார்த்தார். வந்தது; பம்பு வேலை செய்கிறது. எஞ்சின் எண்ணெயை வடித்து, வெள்ளை வேட்டித் துணியில் ஊற்றி வெயிலில் பிடித்தார். பேரிங் தின்னப்பட்டிருந்தால் துணியில் மினுமினுவென்று பொடி தெரியும். சாம்பல் நிறக் கறை மட்டும்தான் இருந்தது, புதுப் பிஸ்டன் படியும்போது வருவது. பிறகு செயின் கேஸின் அடி ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் தளர்த்தி, வழிந்த எண்ணெயை ஆள்காட்டி விரலில் எடுத்துக் கட்டைவிரலோடு தேய்த்தார். அது செம்பழுப்பாக, காவி கரைத்ததுபோல இருந்தது. எண்ணெய்க்குள்ளேயே கிடக்கும் இரும்பில் துரு எப்படி வரும் என்று கேட்டேன். இரண்டு இரும்பு இறுக்கமாக இல்லாமல் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தால் இப்படித்தான் பொடி வரும் என்றார்.

இந்த வண்டியில் செயின் கேஸ் மூடியைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே ஒரு நட்டுதான். இடது கால்கம்பியையும் பிரேக் பெடலையும் கழற்றி, அந்த நட்டைத் திருகி, மூடியை இரு கையாலும் மெல்ல இழுத்தார். உள்ளே கிராங்கின் நுனியில், வண்டிக்கு மின்சாரம் உண்டாக்கும் காந்த ரோட்டர், அதைச் சுற்றிக் காயில் வளையம். பையனைப் பின்சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, டாப் கியரில் போட்டார். கிராங் அசையாது நின்றது.

“இதில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து இப்படியும் அப்படியும் தள்ளு மக்களே.”

தள்ளினேன். ரோட்டர் மயிரிழை அளவு நகர்ந்து ‘டிக்’ என்றது. திரும்பத் தள்ளினேன், மறுபடியும் ‘டிக்’. மூன்று வாரம் என்னைத் தூங்கவிடாமல் செய்த சத்தம் என் கட்டைவிரலின் கீழ் இருந்தது.

நட்டில் ஸ்பேனரை வைத்ததும் சிறு தள்ளலுக்கே சுற்றிவிட்டது. காயிலைப் பிடித்திருந்த மூன்று நட்டுகளையும் கழற்றி வளையத்தை எடுத்தார். அதன் உட்புறத்தில் பிறை வடிவில் ஒரு பளபளப்பு. ரோட்டர் ஆடி ஆடி உரசிய இடம். ரோட்டர் கையோடு வந்துவிட்டது. அதைக் கிராங்கோடு பூட்டும் சிறிய கீயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நேராக இருக்க வேண்டிய பக்கங்கள் படிக்கட்டுபோல வெட்டுப்பட்டிருந்தன. நட்டுக்கு அடியில் இருந்த பூட்டு வாஷரின் காது முன்பே ஒருமுறை மடக்கி நிமிர்த்தியது, ஒடிந்து தொங்கியது. பில்லை ஏன் இரண்டு தடவை படித்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை ஆயிரத்துக்குச் சாமான் வாங்கியவர்கள் கீயையும் வாஷரையும் வாங்கவில்லை. பழையதையே போட்டு இறுக்கியிருக்கிறார்கள்.

ஏற்றத்தில் ஏன் சத்தம் வரவில்லை என்பதையும் கேட்டேன். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ஐடிலில் சீராகச் சுற்றுவதில்லை. வெடிக்கும்போது கிராங் துள்ளுகிறது, அடுத்த அமுக்கத்தில் தயங்குகிறது. ரோட்டர் கனமான சாமான். பிடி தளர்ந்திருந்தால் கிராங் துள்ளும்போது அது பின்தங்கிக் கீயில் முட்டும், கிராங் தயங்கும்போது முன்னே ஓடி மறுபக்கம் முட்டும். அதுதான் பலமாக ஒன்று, மெதுவாக ஒன்று. வேகம் ஏறிவிட்டால் உள்ளே இருக்கும் கனமான சக்கரமான பிளைவீல் அந்தத் துள்ளலை விழுங்கிவிடுகிறது. பிக் எண்ட் சத்தத்தையும் இதையும் பலர் குழப்பிக்கொள்வது ஐடிலில் மட்டும் கேட்டுவிட்டு முடிவு சொல்வதால்தான் என்றார். இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் இப்படியே ஓடியிருந்தால் கீ முழுதாக அறுந்து, கிராங்கின் பள்ளமும் அகன்று, உண்மையாகவே கிராங்கை மாற்ற வேண்டி வந்திருக்கும்.

சாமானை நாமே வாங்கிவர வேண்டும் என்பது இங்கே வழக்கம். எழுதிக் கொடுத்த சீட்டோடு நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போய் கீ இரண்டு, பூட்டு வாஷர், செயின் கேஸ் ரப்பர் வளையம் வாங்கி வந்தேன். கிராங்கின் பள்ளம் ஏற்கெனவே கொஞ்சம் அகன்றிருந்ததால் புதுக் கீ நேராகப் போட்டால் மறுபடியும் ஆடும். பருமனான எஃகுத் துண்டு ஒன்றிலிருந்து தானே கீ செய்தார். அரத்தில் நான்கு இழுப்பு, பள்ளத்தில் வைத்துப் பார்ப்பது, மறுபடியும் இரண்டு இழுப்பு. நாற்பது நிமிடம் ஆனது. நான் வாங்கி வந்த இரண்டு கீயும் வீணாகிவிட்டதே என்று கேட்டால், அளவு பார்க்க அது வேண்டியிருந்தது என்றார். அந்தப் பணம் என்னைப் பொறுத்தவரை வீண்தான். முதலிலேயே பள்ளத்தை அளந்திருக்கலாம். கடைசியில் காயிலுக்கும் ரோட்டருக்கும் நடுவே இடைவெளி அளக்கும் தகடான பீலர் கேஜை விட்டு, சுற்றிலும் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்த்து மூடினார். செயினையும் கால் அங்குல ஆட்டத்துக்குச் சரிசெய்தார்.

வேலைக் கூலி 1,800 ரூபாய். சாமான் 740. எண்ணெய் இரண்டுக்கும் சேர்த்து 1,150. மூன்று காலைப்பொழுதுகள் ஆயின. அதன் பிறகு பேச்சிப்பாறை, மாத்தூர் தொட்டிப்பாலம், கன்னியாகுமரி என்று 1,300 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். ஐடிலில் இடது கம்பியில் பாதத்தை ஊன்றிப் பார்ப்பது இன்னும் பழக்கமாக இருக்கிறது. எதுவும் முட்டவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். காலை 7 மணி முதல் பகல் 1 மணி வரை மட்டும்தான் வேலை. போனை எடுக்க மாட்டார். நேரில் போய்ப் பெயரைச் சொல்லிவிட்டு வந்தால் முறை வர பத்து, பன்னிரண்டு நாள் ஆகும். அச்சடித்த பில் கிடையாது, நோட்டில் எழுதிக் கிழித்துக் கொடுப்பார். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் முற்றத்தில் தண்ணீர் நிற்கும், வண்டியை உள்ளே ஏற்றப் பலகை போட வேண்டியிருக்கும். பெயிண்ட், மின் வயரிங் வேலைகளை எடுப்பதில்லை. பெண்களுக்குக் கழிப்பறை வசதி கிடையாது. எனக்குப் பக்கத்து வீட்டு அக்கா உதவினார். மணிக்கணக்கில் காத்திருக்கும் இடத்தில் இது பெரிய குறை, அவரிடமே சொன்னேன்.

சத்தம் என்று போகிறவர்கள் அதற்கு முந்தைய நாள் வண்டியை நன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். குளிரில், சூட்டில், ஏற்றத்தில், இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டபோது, கிளட்சைப் பிடித்தபோது எப்படிக் கேட்டது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முன்பு செய்த வேலையின் பில்லையும் எடுத்துப் போங்கள். அவர் கேட்கப்போவது இவற்றைத்தான்.

பின் பிரேக் ஷூ தேய்ந்திருக்கிறது. அடுத்த மாதம் 9-ஆம் தேதி எனக்கு முறை கொடுத்திருக்கிறார். அன்றைக்கே செயின் கேஸ் ஸ்க்ரூவை மறுபடி தளர்த்தி எண்ணெயின் நிறத்தைப் பார்த்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்.